மாடு இழுத்த பிளசர்

போன மாதம் என் மருமகனின் கார் நடுச்சாலையில் நின்றுவிட்டது. மின்சாரத்தில் ஓடும் கார். வாங்கிப் பதினொரு மாதம் ஆகிறது. அன்றோடு சேர்த்து நான் அதில் ஏறியது ஒன்பது தடவை. புகை கிடையாது, சத்தம் கிடையாது, பெட்ரோல் வாசனை கிடையாது. நின்றதும் சத்தமில்லாமல்தான் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஒரே புளியமரம் வெகுநேரமாக இருப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் நகரவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

“வண்டி நின்னுடுச்சு மாமா” என்றார் மருமகன்.

“அது தெரியுது மாப்ளே. எப்போ நின்னுச்சு?”

அவர் நான்கு பேருக்குப் போன் செய்தார். ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து முதுகு தட்டையான ஒரு லாரி வந்தது. காரைக் கம்பிவடம் கட்டி இழுத்து மேலே ஏற்றி, நான்கு சக்கரங்களையும் பட்டை போட்டுக் கட்டினார்கள். நாங்கள் இருவரும் லாரி டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்து ஓசூர் திரும்பினோம். வழியில் ஒரு சுங்கச்சாவடி. லாரிக்கு உரிய பணத்தை எடுத்துக்கொண்டு கம்பம் மேலே போயிற்று. தாண்டிய மறு நொடி மருமகனின் போன் சிணுங்கி, பணம் எடுத்த செய்தி ஒன்று வந்தது. லாரியின் முதுகில் படுத்துக்கொண்டு வந்த காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்த சுங்கச் சீட்டையும் மிஷின் பார்த்துவிட்டிருக்கிறது. லாரி ஒன்று, கார் ஒன்று என்று இரண்டுக்கும் எடுத்துக்கொண்டது.

“ஓடவே இல்ல மாமா! தூக்கினு வர்ற காருக்கு எதுக்கு எடுக்கறான்?”

டிரைவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “மிஷினுக்கு ஓடறது எது, படுத்துக்கினு வர்றது எதுன்னு தெரியுமா சார்? கார்னு ஒட்டிக்கிது, கார்னு எண்ணிக்கிச்சு. இன்னா பெருசு, நான் சொல்றது?”

பெருசு நான்தான். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே கேள்வியை ஒரு சாயங்காலம் ஒரு மரத்தடியில் வைத்து என்னிடம் கேட்டார்கள். தானாக ஓடாத கார், காரா? மிஷின் அரை நொடியில் சொன்ன பதிலை நான் கால் மணி நேரம் யோசித்தும் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கார் என்ற சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இரண்டு என்றால் இரண்டில் நிற்காது, நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழாசிரியர் கார் என்றால் கருமை, மேகம், மழைக்காலம் என்று மூன்று பொருள் எழுதிப்போட்டார். அது தமிழுக்கு. எங்கள் ஓசூர்ப் பக்கத்தில் ஒரு பஸ்ஸில் பத்துப் பேர் ஏறினால் நான்கு பேர் தெலுங்கு, மூன்று பேர் கன்னடம், மீதி மூன்று பேர் தமிழ். எண்ணித்தான் சொல்கிறேன். தெலுங்கில் ‘காருதுந்தி’ என்றால் ஒழுகுகிறது. கன்னடத்தில் ‘காரு’ என்றால் வாந்தி எடு. ஆக, ஒருவர் கார் என்று சொன்னால் ஒருவருக்கு மேகம் தோன்றும், ஒருவருக்கு ஓட்டைக் குடம் தோன்றும், ஒருவருக்கு வயிற்றைப் புரட்டும். எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்த கார்கள் மூன்று மொழிக்கும் நியாயமாக நடந்துகொண்டன. கரும்புகை விட்டன, ஒழுகின, ஏறியவர்களை வாந்தி எடுக்கவைத்தன.

அதனாலோ என்னவோ, பெரியவர்கள் யாரும் கார் என்று சொல்லமாட்டார்கள். பிளசர் என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு இன்பம் என்று பொருள். லாரி மூட்டை சுமக்கும், பஸ் ஆள் சுமக்கும், இது மட்டும் வேலை எதுவும் செய்யாமல் சும்மா போய்வருவது, ஆகவே இன்பம். பஸ்ஸுக்கு மோட்டார் என்று பெயர். பிறகு அந்த மோட்டார் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. இன்று ராயக்கோட்டைப் பக்கம் போய் “மோட்டார் ஓடுதா?” என்று கேட்டால் தண்ணீர் வருகிறதா என்றுதான் அர்த்தம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பி.யூ.சி. முடித்து வேலை கிடைக்காமல் இருந்தபோது ஒரு வாரத்துக்கு ஒரு தற்காலிக வேலை வந்தது. சாலையில் போகும் வண்டிகளை எண்ணுவது. எண்ணுவதற்குச் சம்பளம்! அதுவரை வீட்டில் நான் சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டுகளை எண்ணுவதற்குத் திட்டுதான் வாங்கியிருந்தேன்.

சானமாவுக் காட்டை ஒட்டி உள்ளே நான்கு மைல் போகும் ஒரு மண்பாதை உண்டு. அது ராயக்கோட்டைச் சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில் மடக்கு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார் ஓவர்சியர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஏழு நாள். மண்பாதையில் போவதையும் வருவதையும் மட்டும் எண்ண வேண்டும். கையில் ஒரு பெரிய தாள். அதில் கட்டங்கள். மேல் வரிசையில் ‘விசையால் செல்பவை’ என்று போட்டு, கார், ஜீப், பஸ், லாரி, மோட்டார் சைக்கிள். கீழ் வரிசையில் ‘விலங்குகளால் இழுக்கப்படுபவை’ என்று போட்டு, மாட்டு வண்டி, குதிரை வண்டி. ஓரத்தில் சைக்கிளுக்கு ஒரு கட்டம். நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். எல்லாரும் பென்சிலில் எழுதுவார்களாம். நான் பேனாவில் எழுதினேன். பென்சிலில் எழுதினால் பிறகு யாராவது அழித்துத் திருத்திவிடுவார்களோ என்ற பயம். இந்தப் பேனா பின்னால் வரும், நினைவில் வையுங்கள்.

ஓவர்சியர் கிளம்பும்போது பாதையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “இந்த மண்ணுல என்னத்த வரப்போவுது? ஏழு நாள்ல மோட்டார் வண்டி இருபது போவட்டும், தார் போடலாம்னு நானே மேல எழுதறேன்.”

“இருபதே போதுமா சார், இல்ல இருபதைத் தாண்டணுமா?”

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “இருபதே போதும்யா.”

முதல் நாள்: மாட்டு வண்டி ஐம்பத்தெட்டு, சைக்கிள் நாற்பத்தொன்று, லாரி ஒன்று. அந்த லாரியும் வழி தவறி வந்தது. இரண்டாம் நாள் விடிந்ததும் சானமாவுக் காட்டிலிருந்து ஏழு யானைகள் பாதையைக் கடந்தன. நான் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எந்தக் கட்டத்தில் போடுவது என்று யோசித்தேன். விலங்குகள்தான், ஆனால் எதையும் இழுக்கவில்லை. கடைசியில் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைத்தேன். யானைகளைத் தேடி வனத்துறை ஜீப் ஒன்று போயிற்று, வந்தது. அது இரண்டு. ஆக மொத்தம் மூன்று.

முனிரத்னம்மா வந்தது அன்று சாயங்காலம். நாற்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் தமிழ், மாட்டிடம் கன்னடம் பேசுகிறவர். கணவர் இறந்தபின் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டிருந்தார். ராயக்கோட்டை மண்டியிலிருந்து காலி வண்டியோடு திரும்பியவர், மரத்தடியில் வண்டியை நிறுத்தினார். நிறுத்தியபின்னும் வண்டியின் பலகை இடுக்கிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பாதை முழுக்க அப்படி ஒரு கோடு. நான் அதைக் காலையிலேயே பார்த்திருந்தேன். புளிப்பும் மண்ணும் கலந்த ஒரு வாசனை. இன்றும் தக்காளி நசுங்கினால் எனக்கு அந்தப் புங்கமரம்தான் ஞாபகம் வரும்.

“நீங்கதான் வண்டி எண்றவரா?” என்றார். “எங்க வண்டிய எண்ணிக்கினீங்களா?”

“காலையில ஒண்ணு, இப்ப ஒண்ணு.”

“உள்ள எவ்ளோ தக்காளி இருந்துச்சுன்னு எண்ண மாட்டீங்களா? ஏத்தறப்போ தக்காளிங்க. நாலு மைல் குலுங்கி எறக்கறப்போ ரசம்.”

நான் அப்போதே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இளவயது, அரசாங்கத் தாள் கையில் இருந்தது, ஒரு பெண்மணி மரியாதையாகப் பேசுகிறார். ஓவர்சியர் சொன்ன இருபதை எடுத்து விட்டேன். இதுவரை மூன்று, இன்னும் பதினேழு வேண்டும் என்று கணக்கும் சொன்னேன்.

அவர் “பதினேழுதானா லெக்கய்யா?” என்றார். தெலுங்கில் லெக்க என்றால் கணக்கு. அன்றிலிருந்து அந்தப் பாதையில் எனக்கு அதுதான் பெயர். “தார் வந்தா நான் வர்ற வருசமும் தக்காளி போடுவேன். வரலைன்னா ராகிதான். ராகி குலுங்கினா ஒண்ணும் ஆவாது. ஆனா ராகிய வெச்சு நான் குத்தகை கட்டி, சாப்ட்டு, எந்தக் காலத்துல எழுந்து நிக்கறது?”

மூன்றாம் நாள் காலை ஏழே காலுக்கு மண்பாதையின் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. நெல் அரைக்கும் மிஷின் நடந்து வருவது போன்ற சத்தம். பின்னால் புழுதி. புழுதிக்கு முன்னால் பிளசர்.

அந்த ஊர் மணியக்காரர் வீட்டுப் பிளசர் அது. அவருடைய அப்பா, பெங்களூரில் ஊரைக் காலிசெய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. கல்யாணத்துக்கும் ஓட்டுப் போடவும் மட்டும் வெளியே வரும். மடக்கு வண்டிக்கூடு மாதிரி துணிக்கூரை. சக்கரத்தில் மர ஆரக்கால்கள், ஒன்றுக்குப் பன்னிரண்டு. பித்தளை விளக்கு இரண்டில் ஒன்றுதான் மிச்சம். முன்னால் கைப்பிடி செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். ஓட்டுகிறவர் பாஷா பாய். ஒல்லியான மனிதர், கழுத்தில் கட்டம்போட்ட கைக்குட்டை. பின்சீட்டில் மணியக்காரர், தலைப்பாகையும் குடையுமாக. வண்டி சும்மா போயிற்று என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, போனால் தானும் உள்ளே இருக்கவேண்டும் என்று அவர் நிபந்தனை போட்டிருந்தாராம். தார் ரோடு வந்தால் பிளசர் தினமும் ஓடலாம் என்று சொல்லி முனிரத்னம்மாதான் அவரைக் கிளப்பியிருந்தார்.

என்னைத் தாண்டும்போது மணியக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அரை மணி நேரம் கழித்துத் திரும்பும்போது மறுபடி கும்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் முதலில் பார்ப்பதுபோலக் கும்பிடுவார். நான்காவது தடவை அவர் தூங்கிவிட்டிருந்தார். குடை மட்டும் கும்பிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரே வண்டி, எந்த வேலையும் இல்லாமல், என் கண்ணில் படுவதற்காகவே போய்வருகிறது. எண்ணலாமா? தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். எதற்காகப் போகிறது என்று கேட்கச் சொல்லி எங்கும் இல்லை. அதோடு, பிளசர் என்றாலே வேலையில்லாமல் போவதுதானே? வேலையில்லாமல் போவதுதான் அதன் வேலை. நான்கு கோடு போட்டேன். மொத்தம் ஏழு.

வெயில் ஏறினால் பிளசர் புங்கமரத்தடியில் நின்று மூச்சு வாங்கும். அப்போது பாஷா பாய் மூடியைத் திறந்து ஓட்டைகளை அடைப்பார். ரேடியேட்டரில் ஒழுகினால் மஞ்சள்தூள், பெட்ரோல் டேங்கில் ஒழுகினால் பார் சோப்பு. மஞ்சளும் சோப்பும் பெட்ரோலும் சேர்ந்த அந்த வாசனை, எண்ணெய் ஸ்நானம் நடக்கும் கல்யாண வீட்டுக்குள் யாரோ லாரியை விட்டதுபோல இருக்கும்.

“கார் ரொம்பப் பழசோ?” என்று கேட்டேன்.

பாஷா பாய் பதறிப்போய் என் வாயைப் பொத்த வந்தார். “தம்பி, தம்பி! அந்தப் பேரச் சொல்லாதீங்க. நாலு ஊரும் தெலுங்கு. அப்டிக் கூப்ட்டுக் கூப்ட்டு இதுக்குத் தெலுங்கு புரிஞ்சுபோச்சு. சொன்னா ஒடனே காருது.”

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் கீழே சொட்டு சொட்டென்று ஒழுக ஆரம்பித்தது. எட்டுச் சொட்டு எண்ணினேன். அதன்பின் மீதி நாளெல்லாம் நானும் பிளசர் என்றுதான் சொன்னேன். படித்தவன்தான், ஆனாலும் எதற்கு வம்பு?

நான்காம் நாள் நான்கு தடவை. பதினொன்று. ஐந்தாம் நாள் நான்கு. அதோடு விறகு ஏற்ற வந்து வேறு வழியாகத் திரும்பிய லாரி ஒன்று. பதினாறு. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, வேண்டியது நான்கே நான்கு. முனிரத்னம்மா எனக்கு ஒரு முறத்தில் எட்டுத் தக்காளி கொண்டுவந்து கொடுத்தார். வாங்கலாமா, லஞ்சம் ஆகிவிடுமா என்று நான் தவிப்பதைப் பார்த்து, “குலுங்காத தக்காளி எப்டி இருக்கும்னு பாருங்க லெக்கய்யா, அதுக்குதான்” என்றார். ஏழு தின்றேன். ஒன்று அழுகல்.

ஆறாம் நாள் காலை பிளசர் என்னைத் தாண்டிப் பெரிய சாலைக்குப் போயிற்று. பதினேழு. திரும்புவதற்காக வளைத்தபோது உள்ளே தேங்காய் உடைந்ததுபோல ஒரு சத்தம். நின்றுவிட்டது. பாஷா பாய் அடியில் படுத்து, கையை விட்டுத் துழாவி, கரும்பிசுக்கோடு ஓர் இரும்புத் துண்டை எடுத்துவந்தார்.

“பல்லு போச்சு சாமி” என்றார் மணியக்காரரிடம்.

“யாருக்கு?” என்றார் அப்போதுதான் விழித்தவர்.

அந்தப் பல்சக்கரம் கிடைத்தால் பெங்களூரில் கிடைக்கும், அங்கேயும் தேடினால்தான். அன்று முழுவதும் பிளசர் சாலையோரத்தில் நின்றது. மணியக்காரர் மாட்டு வண்டியில் வீட்டுக்குப் போனார். அதை நான் மாட்டு வண்டிக் கட்டத்தில் போட்டேன். அதில் யாருக்கும் தகராறு இல்லை.

ஏழாம் நாள் பகல் முழுக்க ஒரு மோட்டாரும் வரவில்லை. மூன்று மணிக்கு முனிரத்னம்மா தன் இரண்டு மாடுகளையும் வண்டியிலிருந்து அவிழ்த்துப் பிளசருக்கு முன்னால் கட்டினார். எப்படியும் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வண்டிதானே? பாஷா பாய் உட்கார்ந்து ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தார். மணியக்காரரும் வந்து தலைப்பாகையோடு பின்னால் ஏறிக்கொண்டார். என்னைத் தாண்டும்போது கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். ஆனால் கோடு போடவில்லை. பேனா தாளுக்கு மேலே நின்றது.

வீடு சேர வேண்டிய பிளசர் பாதி வழியிலேயே திரும்பி மறுபடி என்னைத் தாண்டிற்று. பிறகு மறுபடி திரும்பி வந்தது. ஐந்தே முக்கால் மணிக்கு என் நாற்காலிக்கு எதிரே நின்றது. மாடுகளின் வாயில் நுரை.

“மூணு” என்றார் முனிரத்னம்மா. “பதினேழும் மூணும் இருபது. எழுதிக்கினீங்களா?”

“இல்லம்மா. எதுல எழுதறதுன்னு பாக்கறேன்.”

“இதுல இன்னா பாக்கறது? நாலு சக்கரம் இருக்குது, ஆரன் இருக்குது, டிரைவர் இருக்காரு. அடிங்க பாய்.”

பாஷா பாய் ரப்பர் உருண்டையை அமுக்கினார். ஆரன் நன்றாகவே அடித்தது. மாடுகள் மிரண்டன.

“மாடு இழுக்குதேம்மா” என்றேன். “இங்க பாருங்க, ‘விலங்குகளால் இழுக்கப்படுபவை’னு போட்டிருக்கு. நான் போட்டதில்ல, அச்சுல போட்டது.”

பாஷா பாய் கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றார். தணிந்த குரலில், “கார்னு எழுதிக்குங்க தம்பி” என்றார். “நானே சொல்றேன், கார். இனிமே காரறதுக்கு உள்ள ஒண்ணும் இல்ல.”

அந்த மனிதர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அந்த ஒரே தடவைதான். என் கண் தானாகவே வண்டிக்கு அடியில் போயிற்று. உண்மைதான், ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் யோசித்தேன். கால் மணி நேரம். கார் என்று எழுதினால் பொய். யாராவது விசாரித்தால்? எனக்கு இந்த வேலை நிரந்தரம் ஆகாமல் போனால்? ஏழு நாளில் எழுநூறுக்கு மேல் கோடு போட்டிருக்கிறேன், ஒன்றுகூடத் தப்பில்லை. கடைசி மூன்றில் எதற்குத் தப்பு செய்ய வேண்டும்? ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மாட்டு வண்டிக் கட்டத்தில் மூன்று கோடு போட்டேன். பேனாவில். ஊதிக் காயவைத்தேன்.

“எதுல போட்டீங்க லெக்கய்யா?”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கார் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நான் உண்மையைச் சொன்னேன். அப்போது அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதலில் பேசியது மணியக்காரர்தான். “அப்போ நான் மூணு வாட்டியும் மாட்டு வண்டியிலயா வந்தேன்? உன்னை நான் கும்புட்டேனேடா!” என்றார். குடையால் முன்சீட்டை ஒரு அடி அடித்தார்.

முனிரத்னம்மா மாடுகளை அவிழ்த்துக்கொண்டே பேசினார். குரலை உயர்த்தவில்லை. மரியாதை மட்டும் போய்விட்டிருந்தது. “என் மாடு இழுத்ததால இது மாட்டு வண்டி. சரி. நாளைக்கு நீ செத்தா உன்ன நாலு பேரு தூக்கினு போவாங்க. அப்போ உன் பேரு இன்னா, பல்லக்கா?”

மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார். பிளசர் அங்கேயே நின்றது. எண்ணும் நேரம் முடிந்துவிட்டதால் அது எப்போது வீடு போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் ஓவர்சியர் தாளை வாங்கிப் பார்த்தார். யானைகளைப் பார்த்துச் சிரித்தார். மோட்டார் வண்டிகளைக் கூட்டினார். உச்சுக்கொட்டினார். “பதினேழா? மூணு கம்மி. எழுதலாம்னுதான் இருந்தேன்.”

நடந்ததைச் சொன்னேன். என் நேர்மையைப் பாராட்டுவார் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன்யா, மாடு இழுத்தா கார் காரில்லாம போயிடுமா? ரிப்பேரான கார்னு எழுதிட்டுப் போயிருக்கலாம்ல? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“இப்பத் திருத்திடலாமா சார்?”

தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “பேனாவுல எழுதித் தொலைச்சிருக்கியே.”

எனக்கு வேறொரு அலுவலகத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. முப்பத்துநான்கு வருடம் எண்ணினேன். அந்தத் தாளை யாரும் எந்தக் காலத்திலும் விசாரிக்கவில்லை. அடுத்த வருடம் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது புங்கமரத்தடியில் நின்று பார்த்தேன். மண்பாதையில் சிவப்புக் கோடு இல்லை. முனிரத்னம்மாவின் வண்டி எதிரே வந்தது. மேலே ராகி மூட்டை பதினான்கு. அவர் என்னைப் பார்த்தார். “எண்ணிக்கோ” என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். மூட்டைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். பிளசர் வெகு காலம் மணியக்காரர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கோழிகளுக்கு இடம் கொடுத்தது. பிறகு பெங்களூரிலிருந்து யாரோ வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி. பாஷா பாய் அந்த லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தாராம்.

ஓசூருக்குத் தொழிற்சாலைகள் வந்தன. அந்தப் பாதைக்கும் தார் வந்தது. யாரும் எண்ணாமலே வந்தது. தக்காளிக்காக வரவில்லை, கம்பெனி பஸ்ஸுக்காக வந்தது. பிறகு அகலமாயிற்று, மறுபடியும் அகலமாயிற்று. முனிரத்னம்மாவின் குத்தகை நிலம் எது என்று அடையாளம் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. நான் கணக்குப் பார்த்த வரையில், புதுக் கார்களை வரிசையாக நிறுத்திவைத்திருக்கும் கம்பிவேலி மைதானத்தின் வடக்கு மூலையாக இருக்கலாம். ஒரு வரிசைக்கு நாற்பது கார். ஒன்றுக்கும் இன்னும் நம்பர் பலகை மாட்டவில்லை, ஒன்றும் ஒழுகவில்லை. பிளசர் என்ற சொல்லை ஓசூரில் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். இருபது வருடமாவது இருக்கும். இப்போது எல்லாரும் காரைச் சுருக்கமாக வண்டி என்கிறார்கள். ‘வண்டிய எடுத்துட்டு வரேன்’, ‘வண்டிய எங்க நிறுத்தறது?’ என் மருமகனும் அப்படித்தான் சொன்னார், ‘வண்டி நின்னுடுச்சு மாமா’ என்று. நான் அன்று அதைத்தானே எழுதினேன்? அதற்கு நான் வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

சுங்கச்சாவடி விஷயமாக மருமகன் புகார் எழுதத் தயாரானார். “ஓடாத கார் கார் இல்லைனு எழுதறேன் மாமா, சரிதானே?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மிஷின் சொன்னது சரிதான், அந்தச் செய்தியை அழிக்காமல் வையுங்கள் மாப்ளே என்றேன். யாருக்குக் காட்ட வேண்டும் என்று அவர் கேட்டார். காட்ட வேண்டியவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது.

கார் ரிப்பேராகி வந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சானமாவுப் பக்கம் கூட்டிப்போகச் சொன்னேன். பத்தாவது சவாரி. புங்கமரம் இருந்த இடத்தில் சாலையின் நடுத்தடுப்பு. ஓரமாகக் கைத்தடியை ஊன்றி நின்று எண்ணினேன். இருபது மோட்டார் வண்டி வர நாற்பத்தொரு நொடி ஆயிற்று. கார் பதினான்கு, வேன் இரண்டு, லாரி மூன்று, கம்பெனி பஸ் ஒன்று. பிறகும் ஒரு மணி நேரம் நின்றேன். மருமகன் காருக்குள் உட்கார்ந்து சலித்துப்போனார். மாட்டு வண்டி ஒன்றுகூட வரவில்லை. இனி வராது. அந்தக் கட்டத்தில் எழுத யாருக்கும் ஒன்றும் இருக்காது. நான் மட்டும் ஒரு காலத்தில் அங்கே மூன்று கோடு தப்பாகப் போட்டிருக்கிறேன். அந்த மூன்றும் கார்தான்.